குழல் வாயும் பெரியப்பாவின் கட்டைவிரலும்

டிஸ்கி: இந்தப் பதிவில் துப்பாக்கி வருது, ஆனா யாரும் சுட மாட்டாங்க. நான் துப்பாக்கியைத் தொட்டதே என்.சி.சி.யில்தான். அஞ்சு குண்டில் ரெண்டுதான் பேப்பரில் பட்டுச்சு :-)

குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடிச்சு இறக்கற பழைய துப்பாக்கி தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்கள் தோளில் இருந்த 'பிரவுன் பெஸ்' அந்த ஜாதிதான். குழலின் உள்ளே வரி கிடையாது, வழவழன்னு இருக்கும். குழல் விட்டம் சுமார் 19 மி.மீ., குண்டு சுமார் 17.5 மி.மீ. லொடலொடன்னு இறங்கும். சண்டையில் சீக்கிரம் நிரப்பணுமே!

இன்னிக்கு அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்கா வச்சிருக்கறவங்களுக்கு அந்த லொடலொட ஆகாது. எண்ணெய் தடவின துணியில் குண்டைச் சுத்தி, இறுக்கமா இறக்குவாங்க. அங்கேதான் வில்லங்கம். குழல் வாயின் விளிம்பு கூரா இருந்தா துணியை வெட்டிடும். துணி கிழிஞ்சா புகை பக்கவாட்டில் கசியும், குறி தப்பும்.

இதுக்கு அவங்க வீட்டிலேயே செய்யற வைத்தியம் ரொம்ப எளிசு. பித்தளையில் உருண்டைத் தலை ஸ்க்ரூ ஒண்ணை கை டிரில்லில் மாட்டி, வால்வு தேய்க்கற பேஸ்ட் தடவி, கொஞ்சம் ஆட்டி ஆட்டிச் சுத்தணும். பித்தளை மெத்து, பேஸ்டில் இருக்கற பொடி அதில் பதிஞ்சு இரும்பைத் தேய்க்கும். பொடி உள்ளே போகாம இருக்க குழலில் துணியை அடைச்சுக்கணும். இன்னும் சுலபம், எமரி பேப்பரைக் கட்டைவிரலில் வச்சுத் திருகறது. அப்பப்போ குழலைக் கால் சுத்து திருப்பிக்கணும். இல்லேன்னா ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். குண்டு கடைசியா தொடற இடம் அந்த விளிம்புதான். அது கோணலா இருந்தா புகை ஒரு பக்கமா முந்திகிட்டு வந்து குண்டைத் தள்ளிவிடும்.

லேத் பட்டறை வச்சிருந்த எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "இதுக்கு எதுக்குடா அமெரிக்கா?"ன்னு ஒரு துண்டு பைப்பை ரம்பத்தால் அறுத்தார். கோலிக்குண்டைக் கைக்குட்டைத் துணியில் சுத்தி அழுத்தச் சொன்னார். துணி டர்ருன்னு கிழிஞ்சுது. அப்புறம் அரத்தால் பிசிறு எடுத்து, எமரி பேப்பரைக் கட்டைவிரலில் வச்சு ஒரு பத்து நிமிஷம் திருகினார். கண்ணால் பார்க்கவே இல்லை, விரலால் தடவித்தான் பார்த்தார். மறுபடி அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்கிச்சு, துணியில் ஒரு கீறல் இல்லை.

நான் செஞ்ச துண்டையும் தடவிப் பார்த்தார். "இங்க ஒரு முடி உசரம்"னார். எனக்கு ஒண்ணும் தட்டுப்படலை.

போன வருஷம் பட்டறையை மூடிட்டார். லேத்தை வித்த கணக்கை எழுதிக் கொடுத்தது நான்தான். தேய்மானம் கழிச்சு, புத்தக மதிப்பு போட்டு, நஷ்டம் இவ்வளவுன்னு காட்டினேன். எல்லாம் டேலி ஆச்சு. நாற்பது வருஷம் தேய்ஞ்சு தேய்ஞ்சு இன்னும் கூர்மையா ஆன அந்தக் கட்டைவிரலை மட்டும் எந்தத் தலைப்பிலும் எழுத இடமில்லை. அவரோட பையனும் பி.காம்., நானும் பி.காம்.

இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போறேன். நாலு துண்டு பைப் தேய்ச்சாச்சு. நேத்துதான் அந்த 'முடி உசரம்' முதல் தடவையா என் விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு.

திங்கட்கிழமை ஆடிட்டிங் பரீட்சை. கடவுள் காப்பாத்தணும் :-)