இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் தேதி தெரிந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது என் வீட்டுக்காரருடைய ஷிப்ட் சார்ட்டைத்தான். காலை 6 முதல் 2 வரை ‘ஏ’, 2 முதல் இரவு 10 வரை ‘பி’, 10 முதல் விடிகாலை 6 வரை ‘சி’. வாரம் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்கிறவர் வீட்டில், உலை வைப்பது முதல் ஊருக்குப் போவது வரை எல்லாம் அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துத்தான் நடக்கும்.

சந்திரயான் முதல் முறை போனது 2008 அக்டோபர் 22. அந்த வாரம் அவருக்கு ‘சி’. ஆறு மணிக்கு வேலை முடிகிறது, 6.22க்கு ராக்கெட். நான் ரெட்டம்பேடு சாலைப் பக்கம் இருந்த வாடகை வீட்டு மாடியில் நிற்கிறேன். அவர் மில்லுக்கு எதிரே டீக்கடை வாசலில் நிற்கிறார். மழைக்காலம், வானம் முழுக்க மேகம். வடகிழக்கே ஒரு சிவப்பு எழும்பி, மேகத்துக்குள் புகுந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் பார்த்ததை அவர் சொன்னார், நான் பார்த்ததை நான் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இருவரும் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் படுக்கப் போனார்.

சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டில் அப்போதே பழக்கமாகியிருந்தது. அரசாங்கம் 2006இல் கொடுக்க ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்களுக்கும் ஒன்று வந்தது. சின்னப் பெட்டி, ஒரே அறை. ‘ஏ’ ஷிப்ட் வாரத்தில் அவர் விடிகாலை நாலரைக்கு எழ வேண்டும், அதனால் இரவு சீக்கிரம் படுத்துவிடுவார். நான் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு ‘கோலங்கள்’ தொடர் பார்ப்பேன். தேவயானியின் முகத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று பிடிபட்டுவிடும். மறுநாள் மதியம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கதை சொல்வேன். “அந்த ஆதி நேத்து என்ன பண்ணான்?” என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்பார். அந்தத் தொடரில் அவர் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் என் வாயால் கேட்டது. சில இடங்களில் வசனம் கேட்காததால் நானே வசனம் போட்டிருப்பேன்.

என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றை ரசித்து நான் பார்த்ததில்லை. நான் பிறந்தது திருவள்ளூரில். அப்பா திண்ணையில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு இலங்கை வானொலி கேட்பார், கே.எஸ்.ராஜாவின் குரல் தெரு முழுக்கக் கேட்கும். அம்மா அடுப்படியில் இருப்பாள். பிடித்த பாட்டு வந்தால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிடும். அப்பா திரும்பிப் பார்க்காமலே ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார். அவர்களுக்குள் நடந்த பொழுதுபோக்கு அவ்வளவுதான், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

வெளியே போவது என்றால் அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில். ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவார்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் பூண்டி ஏரியில் ஷட்டர் திறந்தால் அதைப் பார்க்க ஊரே போகும். கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே 1944இல் கட்டி முடித்த அணை அது. சத்தியமூர்த்தி பெயர் வைத்தது. தண்ணீர் விழுகிற இரைச்சலில் பேச முடியாது. அப்பா முன்னால் நடப்பார், அம்மா எங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால். நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம். எங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

ராக்கெட்டுக்கு வருகிறேன். ஏவுதளம் எங்கள் மாடியிலிருந்து பறவை பறக்கிற கணக்கில் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் நகரும். ஆகவே நெருப்பைப் பார்த்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும், அதுவும் காற்று ஒத்துழைத்தால். பி.எஸ்.எல்.வி.யாக இருந்தால் பெரும்பாலும் கடலுக்கு மேலே தெற்கே வளையும். இலங்கைக்கு மேலே போகக்கூடாது என்பதற்காக அந்த வளைவு. மாடியில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கைதட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடும். நாங்கள் இருவரும் நிற்போம். “இரு, இன்னும் வரல” என்பார். பிறகு தரையிலிருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல். அது அடங்கிய பிறகுதான் இறங்குவோம்.

இருவரும் சேர்ந்து நிற்கக் கிடைப்பது அபூர்வம். 2022இல் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி கிடைத்தது. 36 செயற்கைக்கோள்களோடு எல்.வி.எம்.3 ராக்கெட், நள்ளிரவு தாண்டி 12.07க்கு. அவருக்கு ‘பி’ ஷிப்ட். பத்தரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மாடி ஏறினோம். தெருவில் பட்டாசுப் புகை. அது எழும்பியபோது பட்டாசு விட்ட பையன்கள்கூட அண்ணாந்து நின்றார்கள். அவர் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்ததா அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை, நான் ராக்கெட்டைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஓய்வு என்று சொன்னால் எல்லா ஓய்வும் ஒன்றல்ல. 2008க்குப் பிறகு சில வருடங்கள் மின்வெட்டு மனிதர்களை வாட்டியது. உயர் அழுத்த மின்சாரம் வாங்குகிற ஆலைகளுக்கு மின் விடுமுறை என்று ஒன்று விட்டார்கள். உருட்டுகிற மில் மின்சாரம் இல்லாமல் என்ன செய்யும்? அவர் வீட்டில் இருந்தார். வீட்டிலும் கரண்ட் இல்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, என் மாமியாரின் பித்தளைக் கட்டைகளை எடுத்துத் தாயம் ஆடினோம். தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் அவர் தவிப்பார். நான் இரண்டு காய் பழமாக்கியிருப்பேன். சிரித்தோம்தான். ஆனால் அந்த மாதச் சம்பளம் குறையும் என்பது இருவர் மனதிலும் இருந்தது. வேலை இல்லாமல் கிடைக்கிற பொழுதை நான் ஒருநாளும் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அதற்கு நேர் எதிர்ப் பயம் 2023 ஏப்ரலில் வந்தது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்கிற சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனிதரின் முகத்தைப் பார்க்கிறவளுக்கு அந்தக் கணக்கு ஏறாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் மறுநாளும் தூங்கத்தான் செய்வார். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினேன்.

பழவேற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? கல்யாணமான புதிதில் பொன்னேரி போய் அங்கிருந்து பஸ் மாறிப் போனோம். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். புதுப்பெண்ணை அழைத்துப் போகிற இடமா என்று மாமியார் கோபித்துக்கொண்டார். பிறகு படகில் முகத்துவாரம் வரை போனோம். தூரத்தில் பூநாரைகள், தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. 2011 கிறிஸ்துமஸ் அன்று அதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சந்தோஷமாகக் குடும்பத்தோடு வந்தவர்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. நாங்கள் இப்போதும் குளிர்காலத்தில் போகிறோம். கரையில் நின்று பார்த்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சூலூர்பேட்டை. மூர்மார்க்கெட்டிலிருந்து வருகிற மின்சார ரயிலில் சிலது கும்மிடிப்பூண்டியோடு நிற்காது. எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டிச் சூலூர்பேட்டை வரை போகும். அங்கே 2019இல் ‘சாஹோ’ படத்தோடு திறந்த தியேட்டரில் திரை 100 அடிக்கு மேல் அகலம். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓடுவது தெலுங்குப் படம். எனக்குப் பிறந்த வீட்டில் தெலுங்கு உண்டு, அவருக்குப் பாதிதான் புரியும். இருட்டில் அவர் காதுப் பக்கம் சாய்ந்து சொல்லிக்கொண்டே வருவேன். பழைய ‘கோலங்கள்’ வேலை இன்னும் முடியவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் குடியிருக்கிறார். சம்சாரம் ஊரில். ஞாயிறு இரவு இருவரும் போனில் பேசி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, இங்கேயும் அங்கேயும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். நடுவில் அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் சுவர் வழியாக வரும். அந்த நேரத்தில் நான் மிக்ஸி போடுவதில்லை.

சித்திரையில் பொன்னேரியில் சந்திப்பு உற்சவம். கரிகிருஷ்ணப் பெருமாள் கருட வாகனத்திலும் அகத்தீஸ்வரர் நந்தி வாகனத்திலும் அவரவர் கோயிலிலிருந்து புறப்பட்டு வந்து கடைவீதியில் சந்திப்பார்கள். அரை மணி ரயில் தூரம்கூட இல்லை. ஆனாலும் நான் பிள்ளைகளோடு போயிருக்கிறேன், அவர் நண்பர்களோடு போயிருக்கிறார், சேர்ந்து போனதில்லை. இந்த வருஷம் இரண்டு மாதம் முன்னாலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். “எதுக்குப்பா?” என்று கேட்டாராம் சூப்பர்வைசர். “வீட்டம்மாவோட சாமி பாக்கணும் சார்” என்று சொன்னாராம். சார்ட்டில் அந்த நாளைச் சுற்றி அவரே வட்டம் போட்டிருக்கிறார். பொன்னேரி கடைவீதியில் என் சித்தி வீட்டு மாடி இருக்கிறது. கூட்டத்தில் நிற்பதா, மாடியிலிருந்து பார்ப்பதா என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்குக் கூட்டத்தில் நிற்க வேண்டுமாம்.