சிறு பாத்திரங்களின் பெருமை

காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டுமெனத் தண்டியலங்காரம் விதிக்கின்றது. விதி நன்றே. ஆயினும், கதை கேட்போர் நெஞ்சம் அவ்விதிக்கு எப்பொழுதும் அடங்கி நடப்பதில்லை. இவ்வுண்மையை முதுமைக் காலத்தில் எமக்கு உணர்த்தியது, எமது பேரன் விரும்பிப் பார்க்கும் சித்திரத் தொடரொன்றாகும்.

ஓவியங்களை அசையச் செய்து ஆக்கப்பட்ட அந்தப் 'பற்மான்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1992 ஆம் ஆண்டு தொடங்கியது. வௌவால் வேடம் பூண்டு கொடியோரை அடக்கும் வீரனே அதன் தலைவன். பேரனோ, கோமாளி உடை தரித்த ஹார்லி குவின் என்பவள் எப்பொழுது தோன்றுவாள் என்றே காத்திருப்பான். இவள் யாரென விசாரித்தோம். வியத்தகு வரலாறொன்று கிடைத்தது.

வீரனின் பகைவனாகிய ஜோக்கருக்கு ஏவல் செய்து, ஒரே கதையுடன் மறைந்து போகவேண்டியவளாகவே கதாசிரியர் போல் டினி அவளைப் படைத்தார். தம் கல்லூரித் தோழியாகிய ஆர்லீன் சோர்க்கின் என்னும் நடிகை, தொலைக்காட்சி நாடகமொன்றிலே கோமாளியாகத் தோன்றியதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது. குரல் கொடுத்தவரும் அவ்வம்மையாரே. உருவம் வரைந்தவர் புறூஸ் டிம். 1992 செப்டெம்பர் 11 இல் முதன்முதல் தோன்றிய ஹார்லி, மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டாள். 1993 இல் அச்சுச் சித்திரக் கதையினுள்ளும் புகுந்தாள். 2019 இல் அவள் பெயராலேயே தனித் தொடரொன்று எழுந்தது. கல்லூரி நட்பின் பயனைப் பழைய மாணவர்களாகிய எமக்கு எடுத்துரைத்தல் வேண்டுமோ?

இவ்விருப்பத்துக்குக் காரணம் யாது? தலைவன் முற்றுப்பெற்றவன். அவன் வெல்வான் என்பதை யாவரும் அறிவர். அடுத்த வாரமும் அதே வீரனாக வரவேண்டியவனாதலின் அவனால் மாறவும் இயலாது. சிறு பாத்திரத்துக்கு அத்தளை இல்லை. அது தவறலாம், அழலாம், திருந்தலாம். ஆசிரியர் சொல்லாது விட்ட பகுதியை, காண்போர் தம் வாழ்விலிருந்து எடுத்து நிரப்புகின்றனர்.

ஹார்லி தோன்றிய அம்முதற் கதையிலேயே இன்னுமொரு சிறு பாத்திரம் உண்டு. சார்ளி கொலின்ஸ் என்னும் எளிய மனிதன், வீதியிலே கார் ஓட்டிச் செல்கையில் சினமுற்று ஒருவனை ஏசிவிடுகின்றான். ஏசப்பட்டவன் ஜோக்கர்! உயிருக்கு ஈடாக, என்றோ ஒருநாள் ஓர் உதவி செய்வதாக வாக்களிக்க நேர்கின்றது. ஈராண்டின் பின் அழைப்பு வருகின்றது. அவன் செய்யவேண்டிய உதவியோ, விருந்து மண்டபத்தின் கதவைத் திறந்து பிடித்தல் மட்டுமே. ஈற்றில், கொடியவனை நேருக்கு நேர் மடக்கி, அவன் தன் பகைவனாகிய பற்மானையே கூவியழைக்கும்படி நடுங்கச் செய்பவனும் இவனே.

கதவு திறப்பவனைக் கண்டதும் எமக்குப் பழைய நினைவொன்று எழுந்தது. கல்லூரி நாடகமொன்றில் எமக்குக் கிடைத்தது வாயிற்காவலன் வேடம். தூதுவர் வந்திருப்பதை மன்னனுக்கு அறிவிக்கும் ஒற்றை வசனமே எம் பங்கு. அரச வேடம் கிடையாத வெட்கத்தால், நாடகம் நடைபெறும் நாளையே அன்னையாருக்குச் சொல்லாது மறைத்தோம். பின்னர் அயலார் வாயிலாக அவர் அறிந்தார், கோபிக்கவில்லை.

“நீ என்ன சொன்னனீ, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அடுக்களை வாயிலில் நின்று அவ்வொற்றை வசனத்தைச் சொன்னோம்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றார்.

அரசனாக நடித்தவன் யாரென அவர் கேட்கவேயில்லை. எம் அன்னையார் இன்றில்லை. அந்நாடகத்தை அவர் காணாது போயினமைக்கு நாமே காரணர் என்னும் எண்ணம் இன்றும் எம்மை வருத்துகின்றது.

இவ்விழா மலரிலே மாணவ தலைவர்களும் விளையாட்டுக் குழுத் தலைவர்களும் இடம்பெறுவர், அது முறையே. இன்று பயிலும் தம்பியருக்கு நாம் கூற விழைவது ஒன்றே: ஒற்றை வசனமே கிடைப்பினும் பெற்றோரை அழைத்து வாருங்கள். அவர்கள் அரசனைப் பார்க்க வருவதில்லை.