மனவுறுதி இல்லை என்றோம்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். விபத்தில் கால் முறிந்தபோது கொடுக்கப்பட்ட அபின் வகை வலி மாத்திரையை, எலும்பு கூடிய பின்னரும் அவனால் விட இயலவில்லை. மும்முறை நிறுத்தி, மும்முறையும் மீண்டும் தொட்டுவிட்டான். "சாமி, நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் தாய். "உனக்கு மனவுறுதி இல்லை" என்று கடுமையாகவே சொன்னோம். அவன் தலைகுனிந்து எழுந்து சென்றான்.

சில நாள் கழித்து, மருத்துவராகிய நண்பர் ஒருவரிடம் இதைக் கூறினோம். அவர் தந்த விளக்கம் நம் நெஞ்சைத் தைத்தது.

அபின் வகைப் பொருள்கள் சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்பது 1973-ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. 1975-இல் ஸ்காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரில் ஹ்யூஸ், காஸ்டர்லிட்ஸ் என்போர், மூளை தானே உண்டாக்கும் அத்தகைய பொருளையும் கண்டறிந்தனர். வெளியிலிருந்து வரும் மருந்து நாள்தோறும் நரம்பணுக்களை அடக்கும்போது அவை வாளாவிருப்பதில்லை. தம்முள் இருக்கும் மரபணுக்களில் சிலவற்றை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் இயக்கி, அவ்வடக்குதலை எதிர்த்துத் தம்மை முடுக்கிக்கொள்கின்றன. ஆர்மோனியத்தின் கட்டைகள் மாறுவதில்லை. எவை அழுத்தப்படுகின்றன என்பதே மாறுகின்றது. மரபணுவும் அவ்வாறே.

ஆதலால் பழைய அளவு போதாமற்போகின்றது. மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ, முடுக்கப்பட்ட அணுக்கள் தடையின்றிப் பொங்குகின்றன. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு பகுதி அளவுமீறி இயங்க, வியர்வையும் படபடப்பும் உறக்கமின்மையும் வாட்டுகின்றன. அத்துன்பத்தின் கடுமை சில நாள்களில் தணியும். ஆயினும் வேட்கையோடு தொடர்புள்ள மூளைப் பகுதியில் டெல்டா ஃபாஸ்-பி என்னும் புரதம், மருந்து நின்ற பின்னும் வாரக்கணக்கில் தங்கி மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுவதை விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

அவ்வாறாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. ஆனால் முறிந்த காலுடையவனை ஓடச் சொல்வது அறமாகாது. மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளும் மருத்துவரின் கண்காணிப்பும் அவனுக்கு ஊன்றுகோல்கள். இன்னொன்றையும் நண்பர் சொன்னார்: சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் உட்கொண்டால் மூச்சு நின்று இறக்கவும் நேரும். அவனை நாணத்தோடு இருளில் அனுப்பிய அந்த மாலையை நினைத்து நடுங்கினோம்.

மறுநாளே அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். இன்று மருத்துவம் பெற்று வருகின்றான். இடையில் ஒருமுறை தவறினான். அப்போது அவனே நம்மைத் தேடி வந்தான். அவன் இசைவு பெற்றே இதை எழுதுகின்றோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் இத்தகைய பிள்ளை ஒருவன் இருந்தால், அறிவுரைக்கு முன்னர் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவன் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கட்டும்.