பதினோராம் விதியும் ஒரு சைக்கிளும்

சென்ற வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது ஒரு காரணம். தாமிரபரணிக் கரையோரமாக ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற பல வருட ஆசை இன்னொன்று. வேலை சின்னதுதான். சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கம், ஆற்றையொட்டிய ஓர் ஊரில் ஒரு சாட்சியிடம் கையெழுத்து வாங்கி, மாலைக்குள் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். நான் அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவேன், அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். களத்துக்கு வரும் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன் 1995ஆம் வருடத்து விதிகளில் தீருதவித் தொகை வரைக்கும் படித்திருப்பார்கள். பதினோராம் விதியை யாரும் புரட்டுவதில்லை. பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ வரும்போது பயணச் செலவு தர வேண்டும் என்கிறது அது. விவசாயக் கூலிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், வரும் ஒவ்வொரு நாளுக்கும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும். அதையும் உடனே, அதிகம் போனால் மூன்று நாளுக்குள்.

சித்தி இதுவரை ஆறு வாய்தாவுக்கு வந்துவிட்டார். ஒரு ரூபாய் வரவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த முதல் மனுவைப் பார்த்த எழுத்தர், “லேடீஸுக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீ ஆச்சே, பயணப்படி எதுக்கு?” என்று கேட்டார். கேள்வி தப்பில்லை. 2021லிருந்து ஃப்ரீதான். ஆனால் போன கூலி? கார் பருவ நடவு நேரத்தில் வாய்தா விழுந்தால் வருடத்தில் உறுதியாகக் கிடைக்கிற சில நாள் வேலையில் ஒன்று போகிறது. சாட்சி பிறழ்ந்துவிட்டார், விலை போய்விட்டார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாதிப் பேர் இப்படிக் கூலி போய்த்தான் களைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம். எனவே பயணப்படியை விட்டுவிட்டு, கூலியை மட்டும் கேட்டு இரண்டாவது மனு.

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை தாண்டும்வரை வெயில் இல்லை. கோபாலசமுத்திரம் பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. பத்தமடைக்கு முன்னால் ஒரு டீ. பாய் நெய்கிற கோரை ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரையிலேயே மண்டிக் கிடந்தது என்றார் கடையில் இருந்த முதியவர். அவரும் என் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண் இத்தனை தூரம் சைக்கிளில் வந்தால் ஒன்று வறுமை, இல்லையென்றால் கிறுக்கு.

என் முதல் சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. 2004இல், பதினொன்றாம் வகுப்பில். அந்தத் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது, பிறகுதான் எல்லோருக்கும் ஆனது. அந்தப் புதுச் சைக்கிள்கள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும்போது சாதிச் சான்றிதழை வெளியே காயப்போட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் அதை அவ்வளவு நேசித்தேன். எங்கள் தாத்தா ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டே போன மனுஷன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் அந்தத் தெருவில் பெல் அடித்துக்கொண்டே போனேன்.

சித்தி வீட்டில் பழைய சோறும் சுண்டவத்தலும். மனுவைப் படித்துக் காட்டினேன். “நாலு எழுத்து கிறுக்கப் படிச்சிருக்கேன், கைநாட்டு வேண்டாம்” என்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, “ஆத்தப் பாக்கணும்னியே, வா பிள்ள” என்று கூட்டிப்போனார்.

மருத மரங்களுக்கு அடியில் மேலே ஒரு படித்துறை, கருங்கல் படி, மண்டபம். அது ஊர்க்காரர் துறை. கொஞ்சம் கீழே இன்னொரு சாதிக்கு, உடைந்த படிகள். அதற்கும் கீழே ஆறு வளைகிற இடத்தில் நம்முடையது. படி கிடையாது, வெறும் மண்சரிவு. தண்ணீர் மேலிருந்து கீழே வருவதால் தீட்டும் மேலிருந்து கீழே வரலாம், ஆனால் ஏறிவிடக் கூடாது என்கிற ஏற்பாடு. எம்.ஏ. வகுப்பில் தூய்மை, தீட்டு என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தது இங்கே ஐந்து நிமிட நடை. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் குளிக்க அவ்வளவு பேர் வருவதில்லை. கருமாதிக்கு மட்டும் அவரவர் துறைக்குத்தான் போகிறார்கள்.

நம் துறையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். சித்தி இன்னும் கீழே, நாணல் மண்டிய ஒரு இடத்தைக் காட்டினார். “அங்கன புதிரை வண்ணாரு இருப்பாவ. நம்ம துணிய வெளுக்கிறவிய. அவிய இங்க வந்து குளிக்க மாட்டாவ.”

“வர மாட்டாங்களா, விட மாட்டோமா சித்தி?”

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. “விட மாட்டோம்” என்றார். இப்போது அந்தக் குடும்பங்கள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

திரும்பும்போது நடந்ததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த ஊர் வழக்கே ஒரு பையன் கோயில் தெருவில் பைக் ஓட்டியதற்காக அடி வாங்கிய வழக்கு. சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட விடாமல் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குற்றம் என்கிறது. பயிற்சி முகாம்களில் நான் விரும்பி நடத்துகிற பாடம் அதுதான். தெரு முனைக்கு வந்ததும் சித்தி என் ஹேண்டில்பாரைப் பிடித்தார். “எறங்கி உருட்டிட்டுப் போயிரு தாயி. நீ போயிருவ. நாங்க இங்கனதான் கெடக்கணும்.”

இறங்கினேன். திண்ணையில் இருந்த நான்கு பேர் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறு அடி இருக்கும், உருட்டினேன். மெயின் ரோட்டில் ஏறிய பிறகு கால் மிதிக்க மறுத்தது.

முகாமில் யாராவது, “அக்கா, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் இனி இதைத்தான் சொல்ல வேண்டும். ஓட்டிப் போயிருக்கலாம், தப்பும் இல்லை. ஆனால் என் தைரியத்துக்கான விலையை அடுத்த வாய்தா வரைக்கும் சித்தி கட்டவேண்டியிருக்கும். அவரைக் கேட்காமல் அந்தச் செலவைச் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் முழு நிம்மதி இல்லை.

மூன்று மணிக்கு அலுவலகம். “வச்சிட்டுப் போங்க” என்றார்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகரக் கூடாது என்பது பழக்கம். நாற்பது நிமிடம் நின்றேன், கிடைத்தது. நீங்களும் நில்லுங்கள். முத்திரை இல்லாத மனு அவர்கள் கணக்கில் பிறக்காத மனு.

சாயங்காலம் கொக்கிரகுளத்தில், சுலோசன முதலியார் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தேன். 1843இல் திறந்த பாலம், சொந்தப் பணத்தில் கட்டியவர் பெயரில் இன்றும் நிற்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது இந்தக் கரையில்தான். தப்பிக்க ஆற்றில் இறங்கினார்கள், அங்கேயும் தடியும் கல்லும் துரத்தின. பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் யாரும் ஆற்றுத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. வருடா வருடம் அந்தத் தேதியில் கட்சிகளும் இயக்கங்களும் வந்து மலர் தூவும். மற்ற நாளில் இப்படித்தான்: துணி துவைக்கிறவர்கள், கொக்குகள், பாலத்தின் மேலே பஸ் ஹாரன்.

சித்திக்குப் போன் போட்டு மனு சேர்ந்துவிட்டது என்றேன்.

“ரூவா எப்ப வரும்?”

“மூணு நாளைக்குள்ள தரணும்னு சட்டத்துல இருக்கு.”

சிரித்தார். “சரி, அடுத்த வாய்தாவுக்கு நானே பஸ்ல வந்திருவேன். ஃப்ரீதான?”