செலவழித்தது யார்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வது எங்கள் நால்வருக்கும் நெடுநாள் வழக்கம். பக்தியைவிடப் பேச்சே எங்களை நடத்திச் செல்லும் என்பதை மறைப்பதற்கில்லை. சென்ற முறை அந்தப் பேச்சே வினையாயிற்று. நிருதி லிங்கத்தருகே திரும்பிப் பார்த்தபோது எங்களுள் மூத்தவரான ஐயாவைக் காணவில்லை. எழுபதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி.

அழைத்தோம், நெரிசலில் அழைப்புகள் அறுந்தன. நெடுநேரம் கழித்து, வாயு லிங்கத்தை நெருங்கும் வேளையில், அவரிடமிருந்து இருப்பிடச் செய்தியொன்று வந்தது. திறந்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டம். அன்றைக்குரிய 1.5 ஜிபி முழுவதும் தீர்ந்து, வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்திருந்தது. மாலையிலேயே வந்திருந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை நாங்கள் பார்க்கவில்லை. மற்ற இருவரிடமும் இருந்தவை பொத்தான் வைத்த பழைய கைப்பேசிகள்.

நள்ளிரவு பன்னிரண்டு கடந்ததும் புதுநாளின் ஒதுக்கீடு வந்தது; வரைபடமும் விரிந்தது. அவர் எங்களுக்குப் பின்னால், வருண லிங்கத்தருகே இருந்தார். கூட்டத்தில் அவரைக் கடந்தே வந்திருந்தோம்! திரும்பி ஓடினோம். தலைசுற்றி அமர்ந்தவருக்குச் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுத் தேநீர் தந்து, அருகிலேயே நின்றிருந்தார் கடைக்காரர். "முதலில் அவருக்குக் காசைக் கொடுங்கள்" என்றார் ஐயா.

மறுநாள் விடுதியில் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்தோம். 'நான் யார்' என்று விசாரிக்கச் சொன்ன ரமணர் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த ஊரில், 'செலவழித்தது யார்' என்பதே எங்கள் விசாரணை. ஒவ்வொரு செயலியும் நம் கண்முன் எவ்வளவு செலவழித்தது, பின்னணியில் எவ்வளவு செலவழித்தது என்று தனித்தனியே கணக்கு இருந்தது. படங்களைக் காப்புச் செய்யும் செயலி, மாலையில் எடுத்த கோபுரக் காணொளிகளை எங்களைக் கேளாமலே மேலேற்றியிருந்தது. உறவினர் குழுக்களில் வந்த காணொளிகள் எவரும் பாராமலே இறங்கியிருந்தன. வேறு சில செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டிருந்தன. யாரை நொந்துகொள்வது? என்றோ ஒருநாள் 'சம்மதம்' என்று தொட்டவர்கள் நாங்கள்தாமே!

காப்பையும் புதுப்பிப்பையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றினோம். காணொளிகள் தாமாக இறங்குவதை நிறுத்தினோம். ஆண்ட்ராய்டில் 2016 முதல் இருக்கும் டேட்டா சேவரை இயக்கி, ஆத்திரத்தில் எல்லாச் செயலிகளின் பின்னணி வாயிலையும் அடைத்தோம். அப்படி அடைத்தால், திரை அணைந்திருக்கும்போது ஐயாவின் செய்தியும் வந்து சேராமல் போகலாம் என்பது பிறகே உறைத்தது. வாட்ஸப்புக்கு மட்டும் விலக்களித்தோம். திருவண்ணாமலையின் வரைபடத்தை இணையமின்றியும் திறக்கும்படி விடுதியின் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டோம். நெரிசலில் அலைவரிசை திணறினால் இவையெல்லாம் போதாது. எனினும் கையிருப்பையாவது வீணில் இழக்க மாட்டோம்.

அடுத்த பௌர்ணமிக்கும் ஐயா வருகிறார். பேச்சின் நடுவே அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு டேட்டா தேவையில்லை.