ஓர் இலை மிஞ்சியது

செடி வளர்ப்பது என்றால் காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது என்பதை எட்டுச் செடிகளைப் பறிகொடுத்த பின்னரே கற்றேன்.

என் துணைவியார் 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் காலமானார். எங்கள் வீட்டின் கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் அவர் வளர்த்த ஒன்பது தொட்டிகள் அப்படியே இருந்தன. சோற்றுக்கற்றாழை, மருள், ரணகள்ளி, சிவந்த சிறு பூக்களைத் தாங்கிய முட்கள்ளி என எல்லாமே சதைப்பற்றுள்ள செடிகள். ரோஜாவும் மல்லிகையும் இருக்க இந்த முரட்டுச் செடிகள் எதற்கு என்று நான் கேலி செய்ததுண்டு. “நாம் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் இவை கோபித்துக்கொள்வதில்லை” என்று அவர் சிரிப்பார்.

அவர் போனபின் அச்செடிகளுக்கு நாள்தோறும் இருவேளை தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். அவருடைய நோய்ப் படுக்கையருகே நான் செய்யத் தவறியவற்றையெல்லாம் அந்தச் செம்பு நீரால் செய்து முடிக்க முயன்றேன் போலும். ஐப்பசி அடைமழையும் சேர்ந்துகொண்டது. கற்றாழை மடல்கள் வெளிறித் துவண்டன. வாடுகின்றனவே என்று இன்னும் அதிகமாக ஊற்றினேன். அடித்தண்டுகள் கூழாகி நாற்றமெடுத்தன. கார்த்திகை பிறப்பதற்குள் எட்டுத் தொட்டிகள் பாழாயின.

நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரு தொட்டியைக் கவிழ்த்து, கறுத்துப்போன வேர்களை விரல்களால் நசுக்கிக் காட்டினார். “ஐயா, இவை தாகத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இச்செடிகள் தமக்கு வேண்டிய நீரை இலையிலும் தண்டிலும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. மண்ணின் துளைகளில் எப்போதும் நீரே நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே ஈரத்தில் நிற்கும் செடியும் தாகத்தில் வாடுவதுபோலவே தோன்றும்.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. இவற்றில் பலவோ, நீர் ஆவியாகாதபடி இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகத் தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அப்புளிப்பு மறைவதையும் கண்டு 1815ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். வாசகர்கள் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். அச்செடியில் நச்சுப் பொருள் உண்டு. கள்ளிப்பாலும் கண்ணில் படலாகாது.

இவற்றை வளர்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். மண்ணோடு ஆற்றுமணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். விரலை மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்து, உள்ளே முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டுமே நன்றாக நனைத்து, மிகுந்த நீரை வடியவிட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டிகளைத் தூவானம் படாத இடத்திற்கு மாற்றுவது நல்லது. ஒடித்த கிளையை நடுமுன் வெட்டுவாய் காயும்வரை சில நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் செடி மெலிந்து நீளும்.

பெரியவர் சென்றபின் தாழ்வாரத்தைக் கூட்டினேன். தொட்டிகளுக்குப் பின்னால், என் செம்பு எட்டாத மூலையில், ரணகள்ளியின் இலை ஒன்று கிடந்தது. அதன் விளிம்புப் பள்ளங்களில் மூன்று சிறு கன்றுகள் வெண்ணிற வேர்விட்டு நின்றன. நான் கவனியாமல் விட்ட ஒன்றே பிழைத்திருந்தது. அங்கேயே அமர்ந்து வெகுநேரம் அழுதேன்.

அன்றிரவு வழக்கம்போல், வெளியூரில் பணிபுரியும் என் மகளைத் தொலைபேசியில் அழைக்கப் போனேன். அன்றைக்கு அது நான்காவது முறை. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டுக் கேட்டு அவளை வாட்டி வந்தேன். “அப்பா, எனக்கு மூச்சு முட்டுகிறது” என்று முந்தின வாரம் அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்திருந்தது. அதே சொல்லைப் பெரியவர் வாயிலும் கேட்டபின், தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். நான்காம் நாள் அவளே அழைத்தாள். அம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் முதன்முறையாக மனம்விட்டுப் பேசியது அன்றுதான்.

மூன்று கன்றுகளில் ஒன்று இப்போது அவள் அறையின் சாளரத்தில் வளர்கிறது. எப்போது தண்ணீர் ஊற்றினாள் என்று நான் கேட்பதில்லை.