முரட்டு லினக்ஸ்

எங்கள் லேப்டாப்புக்கு வயசு பத்து. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 அதில் ஏறாதாம். புதுசு வாங்குவதென்றால் சின்னவளின் டியூஷன் பணத்தில்தான் கைவைக்க வேண்டும். “ஆர்ச் லினக்ஸ் போடும்மா. இலவசம், பாரமும் இல்லே. ஆனா முரடு” என்றான் ஹாஸ்டலிலிருந்து பெரியவன்.

முரடுதான், சகோதரிகளே! மவுஸுக்கு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையையும் நாமே தட்ட வேண்டும். பாடங்களைப் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, கட்டளைகளைப் பால்கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் வைஃபை கிடைக்கவில்லை. மறுநாள் செல்போனை ஒயரால் இணைத்து நெட் கொடுத்தேன். பாதியில் கரண்ட் போயிற்று. (பேட்டரி எப்போதோ செத்தாயிற்று!) மூன்றாம் நாள் எல்லாம் ஏறியும், அணைத்துப் போட்டால் துவங்கவில்லை. “விட்டுத் தள்ளேன்” என்றார் இவர். எனக்கு மனசு வரவில்லை. சில லேப்டாப்புகள் துவக்க நிரலை ஒரே ஒரு இடத்தில்தான் தேடுமாம்! ‘கிரப்’ என்ற அந்த நிரலைப் போடும் கட்டளையோடு ‘ரிமூவபிள்’ என்று சேர்த்தால் அது அங்கேயே போய் உட்காருகிறது.

நாலாம் தடவை, குக்கர் விசிலடிக்கும்போது, திரை என் பெயரைக் கேட்டது. “இதிலே படமெல்லாம் வராதாம்மா?” என்கிறாள் சின்னவள். வரும், டெஸ்க்டாப்பைத் தனியாக ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.